பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளி: கொடுக்கிற காசுக்குக் கல்லூரி கிடைக்குமா?

கேள்வி இதுதான். மகள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து, பத்தாம் வகுப்பில் 500-க்கு 462 எடுத்திருக்கிறாள். ஊரில் பெயரெடுத்த ஒரு தனியார் பள்ளி பிளஸ் ஒன்னுக்கு ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் கேட்கிறது. "நல்ல காலேஜ் வேண்டுமென்றால் இந்த இரண்டு வருஷம் செலவு பண்ணித்தான் ஆகணும்" என்கிறார்கள் உறவினர்கள். சேர்க்கலாமா?

இந்தப் பெண்ணுக்கு வேண்டாம். வேறு சில பிள்ளைகளுக்கு யோசிக்கலாம். அவர்கள் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கையின்போது எந்தப் பள்ளியில் படித்தாய் என்று யாராவது கேட்கிறார்களா? கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியால் பலன் அடைகிறவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான். தனியார் பள்ளி எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் கவுன்சலிங்கில் அதற்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கோ 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு இது 2020-இல் சட்டமானது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் தனிச் சட்டம் வந்தது. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை இருந்தது. ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து 400-க்கு மேல் இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன.

இந்த ஒதுக்கீட்டில் பலர் கவனிக்காமல் விடுவது 'ஆறு முதல் பன்னிரண்டு வரை' என்ற சொல்லைத்தான். ஐந்து ஆண்டு அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும் தனியாரில் படித்தால் உரிமை முழுவதுமாகப் போய்விடும். பாதி உரிமை என்று ஒன்று இல்லை. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. இங்கேதான் நிறையப் பெற்றோர் ஏமாறுகிறார்கள். "எய்டட் ஸ்கூல்தானே, சம்பளம் அரசாங்கம்தானே கொடுக்குது" என்று நினைத்துச் சேர்த்துவிட்டு, கவுன்சலிங் விண்ணப்பம் நிரப்பும் நாளில்தான் விஷயம் தெரிகிறது. ஒரு விதிவிலக்கும் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் மருத்துவ ஒதுக்கீட்டில் இடமுண்டு. எட்டோடு அந்தச் சட்டத்தின் இலவசம் முடிந்து, ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கேட்கப்படும்போது தவிக்கிற குடும்பங்களுக்கு இது பெரிய செய்தி.

இடத்தோடு பணமும் வருகிறது. இந்த ஒதுக்கீட்டில் கவுன்சலிங் வழியாகப் பொறியியல் போன்ற படிப்புகளில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் முதலியவற்றை அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். தனியார் பொறியியல் கல்லூரி கிடைத்தாலும் இது பொருந்தும். கல்லூரியில் படிக்கும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2024 ஆகஸ்டிலிருந்து ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே தொகை. இந்த இரண்டில் மட்டும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு.

ஆகவே கேள்வி கேட்டவர் போட வேண்டிய கணக்கு 1,80,000-ஐ இரண்டால் பெருக்குவதோடு முடியாது. புத்தகம், சீருடை, 'ஸ்பெஷல் கிளாஸ்', தேர்வுக் கட்டணம், வேன் எல்லாம் சேர்த்தால் இரண்டு ஆண்டில் நாலரை லட்சம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணக் குழு 2017-இல் நிர்ணயித்த தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் 55,000. அந்தக் கணக்கில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக்கே 2,20,000-தான். கல்லூரியை எட்டுவதற்குப் போடும் ஏணிக்கு, கல்லூரியைப்போல இரண்டு மடங்கு விலை. அதோடு கையில் இருந்த 7.5-ஐயும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இனி, தனியார் பள்ளி உண்மையில் எதை விற்கிறது என்று பார்க்கலாம். அதற்கு முதலில் பிள்ளை எந்த வாசல் வழியாகப் போகப்போகிறது என்பது தெரிய வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் பள்ளிக்கு இருக்கும் வேலை வேறு வேறு.

அண்ணா பல்கலைக்கழகம் உள்ளிட்ட பொறியியல் கவுன்சலிங்குக்கு 2007-இலிருந்து நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178. இந்த 200 எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். கணிதத்தில் அகமதிப்பீடு 10. இயற்பியல், வேதியியல் இரண்டிலும் செய்முறை 20, அகமதிப்பீடு 10. பாதியாக்கினால் பாடத்துக்கு 15. ஆக 40 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது, எந்தப் பள்ளியிலும் ஒழுங்காக வருகிற பிள்ளைக்கு அதில் பெரிதாகக் குறையாது. அடுத்து ஒரு மதிப்பெண் வினாக்கள்: கணிதத்தில் 20, மற்ற இரண்டிலும் பதினைந்து பதினைந்து. கட்-ஆஃப் கணக்கில் இவை 35. இரண்டும் சேர்ந்து 75. மீதி 125-க்குத்தான் உண்மையான போட்டி.

அந்த 125-ஐ எடுக்கத் தனியார் பள்ளி என்ன செய்கிறது? பெரும்பாலும் தேர்வு வைக்கிறது. பாடத்தை முன்கூட்டியே முடித்துவிட்டு, அன்றாடத் தேர்வு, வாரத் தேர்வு, முழுப்பாடத் தேர்வு என்று எழுத வைத்து, விடைத்தாளைத் திருத்தி, விட்டுப்போன படியைச் சிவப்பு மையில் காட்டி மறுபடி எழுத வைக்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எழுதி எழுதித்தான் கணிதத்தில் 80 என்பது 95 ஆகிறது. கட்-ஆஃப் 180-ஐ ஒட்டிய இடங்களில் ஒரே ஒரு மதிப்பெண் இடைவெளிக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். ஆனால் இந்தச் சேவையின் விலை நாலரை லட்சமா என்பதுதான் என் கேள்வி. முந்தைய பொதுத்தேர்வு வினாத்தாள்களைப் பாடத்துக்குப் பத்து என்று எடுத்து, கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் எழுத வைத்து, உள்ளூர் டியூஷன் ஆசிரியர் ஒருவரிடம் திருத்தலுக்கு மட்டும் காசு கொடுத்தால் அதே வேலை நடந்துவிடும். மூன்று பாடம், முப்பது விடைத்தாள். அரையாண்டுத் தேர்வு முடிந்த டிசம்பர் கடைசியில் தொடங்கினால் போதும்.

பொறியியல் வாசலில் தனியார் பள்ளிகளுக்கு இன்னொரு பழைய வித்தை உண்டு. கட்-ஆஃபுக்குப் பிளஸ் டூ மட்டும்தானே கணக்கு, அதனால் பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டுவது. இதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டுவிட்டதால், பழைய வழக்கம் திரும்பிவர எல்லா வசதியும் இருக்கிறது. சேர்க்கும் முன் பிளஸ் ஒன் மாணவரின் நோட்டை வாங்கிப் பாருங்கள். அதில் ஆகஸ்ட் மாதப் பக்கங்களில் பிளஸ் டூ பாடம் இருந்தால் புரிந்துகொள்ளலாம். பொறியியல் முதலாண்டில் கணிதத்திலும் இயற்பியலிலும் அரியர் வைக்கிற, பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு வாங்கிய 'சென்டம்' மாணவர்கள் உருவாவது இப்படித்தான்.

மருத்துவத்துக்கான நீட், ஐஐடி, என்ஐடிக்கான ஜேஇஇ எழுதப்போகிறவர்களுக்கு அந்த வித்தை விஷம். இரண்டு தேர்வுகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஏறக்குறைய பாதி. நீட்டில் 180 வினா, 180 நிமிடம், 720 மதிப்பெண். உயிரியலுக்கு மட்டும் 90 வினா. சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் பிளஸ் டூ மதிப்பெண் தகுதிக்கு மட்டும்தான், தரவரிசைக்கு இல்லை. உயிரியல் வினாக்கள் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் புத்தகத்தின் வரிகளை ஒட்டியே வருகின்றன. பதினொன்று, பன்னிரண்டு இரண்டுக்கும் உயிரியல் புத்தகத்தின் விலை சில நூறு ரூபாய். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பள்ளி 'நீட் இன்டகிரேட்டட்' என்று கூடுதலாக ஒரு லட்சம் கேட்டால், அதில் முதல் பொருள் இந்தப் புத்தகம், இரண்டாவது பொருள் தேர்வுத் தொடர்.

மூன்றாவதாக ஒரு விஷயத்தைப் பள்ளிகள் சொல்வதில்லை. நீட்டில் இடம் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் முதல் முறையில் பிடிப்பதில்லை. நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த ஏ.கே.ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் ரிப்பீட்டர்கள், அதாவது மறுபடி எழுதிச் சேர்ந்தவர்கள், 2016-17-இல் சுமார் 12 விழுக்காடாக இருந்தார்கள். 2020-21-இல் சுமார் 71 விழுக்காடு ஆகிவிட்டார்கள். பிளஸ் டூ முடிந்து ஓராண்டு பயிற்சி எடுத்து மறுபடி எழுதுவதுதான் நடைமுறை என்று ஆன பிறகு, இருக்கிற பணத்தை எல்லாம் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் கொட்டிவிட்டு, அந்த முக்கியமான மூன்றாம் ஆண்டில் கையைப் பிசைவது புத்திசாலித்தனம் இல்லை. மருத்துவம்தான் குறி என்றால் பாதிப் பணத்தையாவது அந்த ஆண்டுக்கு எடுத்து வைப்பதே நல்லது. 7.5 உரிமை உள்ள பிள்ளைக்குத் தேவைப்படும் நீட் மதிப்பெண் பொதுப் போட்டியைவிடக் கணிசமாகக் குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஐஐடி, என்ஐடி ஆசையில் ஹைதராபாத், விஜயவாடா, கோட்டா என்று அனுப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு. எந்த மாநிலத்தவர் என்பது பிறந்த ஊரையோ ரேஷன் கார்டையோ வைத்துத் தீர்மானமாவதில்லை, பிளஸ் டூ எங்கே தேர்ச்சி பெற்றார் என்பதை வைத்துத்தான். தெலங்கானாவில் பிளஸ் டூ முடித்த மதுரைப் பையன் திருச்சி என்ஐடிக்கு வெளிமாநிலத்தான். வாரங்கல் என்ஐடிக்கு உள்ளூர்க்காரன். அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் அவன் இருப்பிடச் சான்று காட்டித் தமிழ்நாட்டு மாணவனாக வரலாம், என்ஐடியில் முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே வெளியே அனுப்பத் தயங்க வேண்டும். ஐஐடி, என்ஐடி இரண்டுக்குமே பிளஸ் டூவில் 75 விழுக்காடோ, அந்த வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டுக்குள் இடமோ தேவை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 65 விழுக்காடு. பயிற்சி மையத்திலேயே உட்கார்ந்து, பெயருக்கு ஒரு பள்ளியில் டம்மி அட்மிஷன் போட்டவர்களுக்கு இந்த 75 சில நேரம் கழுத்தைப் பிடிக்கும். சிபிஎஸ்இ 75 விழுக்காடு வருகைப்பதிவும் கேட்கிறது.

கலை, அறிவியல் கல்லூரி என்றால் பேச்சே வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. லட்சம் கொடுத்துப் பள்ளி மாற்ற எந்த அவசியமும் இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்கள் 2022-இலிருந்து கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் சேர்க்கின்றன.

பள்ளியின் பெயருக்கே மதிப்புள்ள ஒரே வாசல் வெளிநாட்டு இளநிலைப் படிப்பு. அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல், பள்ளி ஆலோசகரின் கடிதம், ஆசிரியர் பரிந்துரை எல்லாம் கேட்கும். நம் ஊர் மெட்ரிக் பள்ளிகளில் பலவற்றில் ஆலோசகர் என்ற பதவியே கிடையாது. அந்தத் திட்டம் உள்ளவர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிக்குப் போக வேண்டும். பிளஸ் ஒன்னில் விழித்துக்கொள்வது தாமதம்.

இனி, பஸ் ஸ்டாண்டு ஃப்ளெக்ஸ் பலகைகளை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம். மாநில முதலிடம் என்ற பட்டியலை அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளை ஊரெங்கும் பேசவைத்தது அந்தப் பட்டியல்தான். இப்போது பலகையில் 'சென்டம் 48', 'நீட் 600-க்கு மேல் 12 பேர்' என்று வரும். எத்தனை பேரில் 12? அந்தப் பன்னிரண்டில் ரிப்பீட்டர் எத்தனை பேர்? அவர்கள் இந்தப் பள்ளியில் பிளஸ் டூ படித்தவர்களா, பயிற்சி மையத்தில் மட்டும் சேர்ந்தவர்களா? அதைவிட முக்கியம்: பிளஸ் ஒன்னில் சேர்த்துக்கொண்டபோது அவர்களின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் என்ன? 480-க்கு மேல் எடுத்தவர்களைக் கட்டணச் சலுகை கொடுத்து வளைத்துப்போட்டு, 400-க்குக் கீழே இருந்தவர்களை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்ட பள்ளி, நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டுவதில் அதிசயம் என்ன இருக்கிறது? கற்பித்தலைவிட வடிகட்டல்தான் அங்கே அதிகம். முதல் பத்துப் பேரின் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். பத்தில் 420 முதல் 450 வரை எடுத்து வந்தவர்கள் பிளஸ் டூவில் என்ன கட்-ஆஃப் எடுத்தார்கள் என்று கேளுங்கள். கணக்கு வைத்திருக்கிற பள்ளி காட்டும். மழுப்பினால் திரும்பி வந்துவிடலாம்.

உங்கள் மகள் 462 என்பதால் சலுகை கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆண்டுக் கட்டணத்தில் பாதி தள்ளினாலும் 7.5 போனது போனதுதான். அந்தத் தள்ளுபடியால் நான் பதிலை மாற்ற மாட்டேன்.

கட்டணத்தில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி: 2009 சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாகத் தொகை குறித்து ஆணை தருகிறது. அந்த ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். கேட்கப்படும் தொகைக்கும் ஆணையில் உள்ள தொகைக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பயிற்சி, ஸ்மார்ட் கிளாஸ், ஹாஸ்டல் என்ற பெயர்களில் ஒளிந்திருக்கும். எதற்கு எவ்வளவு என்று தனித்தனி ரசீது வாங்குங்கள். நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பாக்கி இருக்கிறது என்று டி.சி.யைப் பிடித்துவைப்பதும், பாக்கியை டி.சி.யில் எழுதுவதும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் யாருக்குத் தனியார் பள்ளி சரி? ஏற்கெனவே எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் தனியாரில் படித்து, 7.5-க்கு வழியே இல்லாத பிள்ளைக்கு இழக்க ஒன்றுமில்லை. கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதும். அவர்களுக்கும் உதவி பெறும் பள்ளிகளில் பழைய, நல்ல பள்ளி ஒன்று பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே போய் விசாரிக்கச் சொல்வேன். கட்டணம் மிகக் குறைவு, ஆசிரியர்கள் நீண்ட காலம் ஒரே இடத்தில் இருப்பவர்கள். இன்னொரு சூழ்நிலை, அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கோ இயற்பியலுக்கோ முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடப்பது. இது நிஜமான ஆபத்து, சமாதானம் சொல்லித் தள்ளக் கூடாது. ஆனால் அதற்கும் முதல் மருந்து வேறொரு அரசுப் பள்ளி. பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பஸ் பாஸ் இலவசம்.

கேள்வி கேட்டவர் இந்த வாரம் செய்ய வேண்டியது: மகளின் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய், மாவட்டத்திலுள்ள அரசு மாதிரிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கை பற்றி விசாரியுங்கள். உண்டு உறைவிடப் பள்ளி, செலவில்லை, போட்டித் தேர்வுப் பயிற்சி அங்கேயே நடக்கிறது. கிடைக்காவிட்டால் அதே பள்ளியில் தொடரலாம், கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா என்று பெயரோடு கேட்டு உறுதிசெய்த பிறகு. மருத்துவமா பொறியியலா என்று அவளுக்கே தெளிவில்லை என்றால் கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப். சுமை அதிகம், ஆனால் இரண்டு வாசலும் திறந்திருக்கும். கணினி அறிவியல் குரூப் எடுத்துவிட்டுப் பிறகு நீட்டுக்குத் திரும்புவது வீண் சுற்று.

ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான போனஃபைடு சான்றிதழ்களையும் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவான எமிஸில் மகளின் பெயர், பிறந்த தேதி, எந்தெந்த ஆண்டு எந்தப் பள்ளி என்பது சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிழை இருந்தால் பிளஸ் ஒன்னிலேயே திருத்திக்கொள்ளுங்கள். கவுன்சலிங் மாதத்தில் அந்தத் திருத்தத்துக்கு அலைய நேரம் இருக்காது.